வால் வரலிங்க சார்

செலின்,

இந்தக் கடிதத்தை உன் கீபோர்டின் மேல் வைக்கிறேன். சாப்பாட்டு மேசையில் வைத்தால் இரண்டு நாள் கழித்துப் பார்ப்பாய், கீபோர்டில் வைத்தால் இரண்டே நிமிடம். உறையை ஒட்டவில்லை. அம்மா படிக்கலாம், நீ ஜெர்மனிக்குக் கொண்டுபோய் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ஒட்டாமல் எழுதுவதை உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது இருபது வருடத்துக்கு மேலாக நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பொய். பொய் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, அதுதான் அதில் இருக்கிற அசிங்கம். சொல்லப் போனால் பாதி உண்மை. அந்தப் பாதியால் பெருமாள் என்று ஒருவருக்கு வேலை போயிற்று.

முதலில் உன்னைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் எனக்குச் சுலபமாக வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "கெர்னல்ல பிரச்சன ப்பா" என்றாய். நான் ஏதோ பட்டாளத்துக் கர்னல் உங்கள் ஆபீஸுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டார் என்று நினைத்து, "அவங்ககிட்ட எல்லாம் வாய் குடுக்காத லா" என்றேன். நீ சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அம்மா தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் கட்டம் போட்டுக் காட்டினாய். கம்ப்யூட்டருக்குள் நாம் பார்க்கிற எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது, மற்றதெல்லாம் அதைக் கேட்டுத்தான் மூச்சு விடும், அதற்குப் பெயர்தான் கெர்னல். நீங்கள் பயன்படுத்துகிற கெர்னலை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் கூலி வாங்காமல் எழுதி, ஒருவர் தப்பை ஒருவர் திருத்திக்கொள்கிறார்கள். யாரும் முகம் பார்த்ததில்லை. நான் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள், பிள்ளையை யாரோ நன்றாக ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

உன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்த நோய் எனக்கு உடனே புரிந்தது. அதுதான் எனக்கே ஆச்சரியம். போன் லைன் வழியாக வெளியிலிருந்து பேச வருகிற கம்ப்யூட்டர்கள் சில, போகிறேன் என்று சொல்லாமலே அறுந்துபோய்விடும். உங்கள் கெர்னல், அந்தப் பக்கம் இன்னும் ஆள் இருக்கிறது என்று நம்பி, காதில் ரிசீவரை வைத்துக்கொண்டே காத்திருக்கும். சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் இப்படிக் காத்திருந்து, புதிதாக யார் கூப்பிட்டாலும் இடமில்லை என்றுவிடும். நீ சொல்லி முடிப்பதற்குள் நான், "மணிக்குத் திருப்பி மணி அடிக்கல" என்றேன். ரயில்வேயில் எங்களுக்கு அதுதானே பாலபாடம். ஒரு ஸ்டேஷன் மணி அடித்தால் அடுத்த ஸ்டேஷன் அதையே திருப்பி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் நீ அடித்ததாகவே கணக்கில்லை. "அதேதான் ப்பா" என்று நீ கண்ணை விரித்தாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. உனக்கு நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை, உனக்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தது. ஆனாலும் உன் உலகத்தில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது.

நீ அதைச் சரிசெய்தாய். கொஞ்ச நேரம் பார், பதில் வராவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள், என்று கெர்னலுக்கு நாலைந்து வரி எழுதி அந்த முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பினாய். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்து வெளியான கெர்னலில் உன் பெயர் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டில், துணி தேய்க்கிற பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதின நாலைந்து வரி உலகம் பூராவும் ஓடுகிறது என்றாய். அம்மா கேசரி கிண்டினாள். நான் மாதா கோயிலுக்குப் போய், பூசை முடிந்து வந்தவர்களிடம் எல்லாம் கெர்னல் என்றால் என்ன என்று விளக்கி, அவர்கள் நழுவி ஓடும்படி செய்தேன்.

போன மாதம் ஒரு கடிதம் வந்ததே, நினைவிருக்கும். தென் அமெரிக்காவில் ஏதோ மலை ஊரிலிருந்து ஓர் ஆள். புதுக் கெர்னல் போட்டதிலிருந்து அவர் அனுப்புகிற கோப்புகள் எல்லாம் கடைசியில் கொஞ்சம் குறைந்தே போய்ச் சேர்கின்றன, முன்பாதி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, வால் மட்டும் வருவதில்லை என்று எழுதியிருந்தார். நீ வாய்விட்டுப் படித்தாய். 'வால் மட்டும் வருவதில்லை' என்று நீ படித்தபோது நான் எழுந்து முகம் கழுவப் போனேன். வெயில் என்று நினைத்திருப்பாய்.

பிறகு மூன்று நாள் நீ லீவு போட்டு உட்கார்ந்தாய். அவருடைய லைன் மாதிரி மோசமான லைன் வேண்டும் என்று, கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே கூடத்துப் போனை எடுக்கச் சொல்லி அம்மாவை ஏவினாய். இத்தனை வருடமாக, "நான் கனெக்ஷன்ல இருக்கேன், போனைத் தொடாதம்மா" என்று கத்திக்கொண்டிருந்தவள் நீ. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எடுக்கவா, வைக்கவா, என்னதான்டி செய்யச் சொல்ற?" "எடும்மா, செராஸ் அத்தைகிட்ட பேசுற மாதிரி நல்லா சத்தமா பேசு!" அம்மாவும் டயல் டோனிடம் மீன் விலை பேசினாள். மூன்றாம் நாள் மத்தியானம் நீ சிரிப்பை நிறுத்தினாய். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாய். "என் வரிதான் ப்பா" என்றாய்.

எனக்காக மறுபடியும் காலண்டர் தாளைக் கிழித்தாய். அனுப்பியாச்சு என்று இந்தப் பக்கம் சொன்ன பிறகும், கடைசித் துண்டு போய்ச் சேர்ந்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறவரை கெர்னல் அந்தத் துண்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். உன் நாலைந்து வரி பொறுமை இழந்து அதைக் கீழே போட்டுவிட்டது. நல்ல லைன் உள்ளவர்களுக்குத் தெரியவே இல்லை. பதில் மெதுவாக வருகிற ஊர்க்காரர்களுக்குத்தான் வால் அறுந்தது.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது. "அந்த ஆளோட லைன் சரியில்லன்னு சொல்லிடேன் லா. பொய் இல்லையே" என்றேன். நீ கோபப்படவில்லை. "லைன் சரியில்லாம இருக்கும்னுதானே ப்பா இந்த வரியே எழுதுறோம்" என்றாய். "எல்லாரும் பாப்பாங்களே செலின். உன் பேரு இருக்கே." "பாக்கத்தான் எழுதுறேன்." பத்து நிமிடத்தில் எழுதி முடித்து, அச்சடித்து, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என் கையில் கொடுத்தாய். முதல் வரியே, தவறு என்னுடையது என்று இருந்தது. அடுத்த வரி: பதில் வராததையே பதில் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதன் கீழே திருத்திய வரிகள். மன்னிப்பு கேட்டு நீட்டி முழக்கவும் இல்லை, யாரையும் இழுத்துவிடவும் இல்லை. அனுப்பிவிட்டு, பசிக்குது என்று அடுப்படிக்குப் போய்விட்டாய்.

நான் அந்தத் தாளோடு உட்கார்ந்தே இருந்தேன். உன்னைப் பார்த்து எனக்கு உண்டான பிரமிப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண். எத்தனை ஆயிரம் பேர் படிப்பார்களோ, எல்லார் முன்னாலும் நின்று, நான்தான் என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட முடிகிறது. என் வீட்டில், என் ரத்தத்தில் இப்படி ஒன்று எப்படி வந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. யாரும் திட்டவில்லை. ஒருவர், நல்லது, சேர்த்துக்கொண்டோம் என்றார். இன்னும் சில நாள் கழித்து மலை ஊர்க்காரர் ஒரே வரி எழுதினார், முழுசாக வந்துவிட்டது என்று. நீ அதைப் படித்துக் கை தட்டினாய். நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறேன் என்று கிளம்பி, பாசாருக்குப் போகாமல், ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு மரத்தடியில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

இனி என்னுடையது.

நீ தவழ்ந்துகொண்டிருந்த வருடம். கிள்ளான் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் ஸ்டேஷன் மாஸ்டர். அப்போது அங்கே ஒற்றைத் தண்டவாளம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் அதில் இருக்கலாம். அதற்கு அடையாளமாக டிரைவர் கையில் டோக்கன் என்று ஓர் இரும்புச் சாவி இருக்கும். வண்டி என் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்ததும் டோக்கனை வாங்கி மெஷினில் போட்டு, முந்தைய ஸ்டேஷனுக்கு மணி அடிப்பேன். பாதை காலி, அடுத்த வண்டியை விடலாம் என்று அர்த்தம். ஆனால் எஞ்சின் வந்துவிட்டால் வண்டி வந்துவிட்டதாகாது. கடைசிப் பெட்டியின் பின்னால் ஒரு விளக்கு தொங்கும், பகலிலும் தொங்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டோக்கனை மெஷினில் போட வேண்டும். அதைத்தான் நாங்கள் வால் என்போம். ஸ்டேஷனின் அந்தக் கோடியில், தண்டவாளத்தை மாற்றிவிடுகிற இடத்தில் பெருமாள் நிற்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எஸ்டேட்டிலிருந்து வந்தவர், இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. வால் அவரைத் தாண்டியதும் பச்சைக் கொடி காட்டுவார். அந்தக் கொடிக்காகத்தான் நான் காத்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் பகல் மழை. சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. டிரைவர் டோக்கனைக் கொடுத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மழைத் திரைதான் தெரிந்தது, கொடி தெரியவில்லை. என் மேசைக்கு அடியில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. வேலை நேரத்தில் வைத்திருக்கவே கூடாது. அதில் பந்து விளையாட்டு வர்ணனை, நம் ஆட்கள் கோலை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பெருமாள் காட்டியிருப்பார், மழையில் எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு டோக்கனை மெஷினில் போட்டேன், மணி அடித்தேன். அந்தப் பக்கம் திருப்பி அடித்தார்கள். ரேடியோவில் கோல் விழுந்த சத்தமும், நனைந்த சட்டையோடு பெருமாள் பிளாட்பாரத்தில் ஓடிவருகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. "சார், வால் வரலிங்க! வால் வரலிங்க சார்!"

வழியில் இணைப்பு அறுந்து, கடைசிப் பெட்டிகள் சில தண்டவாளத்திலேயே நின்றுவிட்டன. நான் மணியை மறுபடி மறுபடி அடித்தேன், அதற்குள் அங்கிருந்து பயணிகள் வண்டி புறப்பட்டாயிற்று. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர் அதில். அறுந்த பெட்டிகளில் கடைசியில் இருந்த ரயில் கார்டு சிவப்புக் கொடியோடு மழையில் பின்னால் ஓடியதால் அந்த வண்டி நின்றது. இடையில் மிச்சம் இருந்தது ஒரு லோரி நீளம் என்று பிறகு சொன்னார்கள். யாருக்கும் ஒரு சிராய்ப்பும் இல்லை. நம் வீட்டு டிவியில் பந்து விளையாட்டு வந்தால் நான் ஏன் அணைத்துவிடுவேன் என்று நீ சின்ன வயதிலிருந்து கேட்டாயே, இதுதான். கண்ணு கெட்டுரும் என்று உன்னிடம் சொன்னேன். நீ செராஸுக்குப் போய் அத்தை வீட்டில் பார்த்தாய்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். எல்லாம் இங்கிலீஷில். மொழிபெயர்க்க வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை, என்னையே பெருமாளுக்கு மொழிபெயர்க்கச் சொன்னார். மறுத்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. கொடி காட்டினாரா என்று கேள் என்றார். கேட்டேன். பெருமாள் கையைக் கட்டிக்கொண்டு தெளிவாகச் சொன்னார்: "நா கொடி காட்டலிங்க. வால் வரல, எப்படி காட்டுறது?" நான் அதிகாரியிடம் திரும்பி, அவர் கொடி காட்டவில்லை என்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவ்வளவுதான். பின்பாதியை விழுங்கிவிட்டேன். அதிகாரி எந்தக் கொடி என்று கேட்கவில்லை, நான் பச்சைக்குக் காத்திருந்தேனா என்றும் கேட்கவில்லை; ஆபத்து என்று தெரிந்தும் சிவப்புக் கொடி காட்டவில்லை என்று எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதை நான் தலைகீழாகப் படித்தேன். வாயைத் திறக்கவில்லை. பெருமாள் என் முகத்தை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

அவர் வேலை போயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மேருவில் தம்பி வீட்டுக்குப் போனார். எனக்குப் பிறகு பெரிய ஸ்டேஷன், நல்ல பெயர், ஓய்வு பெற்றபோது மாலை மரியாதை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, செலின். அந்த வருடமே பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் பத்து அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார், இருபது சொன்னேன். மன்னிப்பு வந்துவிட்டது, கணக்கு முடிந்தது என்று வீட்டுக்கு வந்து தூங்கினேன். பெருமாளுக்குத் தகவல் போகவில்லை என்பது உன் தாளைப் படிக்கிறவரை எனக்கு உறைக்கவே இல்லை. அவர் வந்து கேட்கவில்லை, ஆகவே மறந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். நீ ஒரு வரியில் எழுதிவிட்டாயே, அதையேதான் நான் இருபது வருடமாகச் செய்தேன்.

போன சனிக்கிழமை கிள்ளானுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மேருவுக்குப் போனேன். பழைய ரயில்வே ஆள் ஒருவரிடம் விலாசம் வாங்கியிருந்தேன். பெருமாள் தொழிற்சாலை ஒன்றில் காவலுக்கு இருந்து அதையும் விட்டுவிட்டு, மகன் வீட்டில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார்" என்றார். அந்த சார் என்னைக் கொன்றது. உட்காரச் சொன்னார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார். "ரொம்ப நாளா உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். அன்னிக்கு நா சொன்னத இங்கிலீஸ்ல எப்படி சொன்னீங்க?"

"பாதிதான் சொன்னேன் அண்ணே. கொடி காட்டலன்னு சொன்னேன்."

"மிச்சம்?"

"முழுங்கிட்டேன்."

அவர் திட்டவில்லை. "என் மவன் நம்பலிங்க சார்" என்றார். "சின்னப் புள்ளையில இருந்து அவன்ட்ட சொல்லிட்டிருக்கேன், தப்பு என் மேல இல்லப்பான்னு. வேலைய விட்டு நிப்பாட்டுன கடுதாசில இங்கிலீஸ்ல எழுதியிருக்குல்லப்பான்னுட்டான். பள்ளிக்கூடத்துல, ரயிலை மோத விட்ட ஆளு மவன்னு பேரு. இன்னிக்கு வரைக்கும் அதப் பத்தி எங்கிட்ட பேச மாட்டான்." உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். பள்ளி ஆசிரியை. "இங்க வந்து நில்லுமா. சார் இங்கிலீஸ்ல ஒண்ணு சொல்லுவாரு, சரியா சொல்றாரான்னு பாரு. சொல்லுங்க சார், முழுசா."

நான் எழுந்து நின்று சொன்னேன். பச்சைக் கொடி நான் காட்டவில்லை, ஏனென்றால் வால் வரவில்லை, வராதபோது எப்படிக் காட்டுவேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பெண் மாமனாரைப் பார்த்து, "சரிதான் மாமா, நீங்க சொல்ற மாதிரியேதான்" என்றாள். பெருமாள் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "எழுதிக் குடுங்க சார். உங்க பேரு போட்டு. மவன் படிக்கட்டும்" என்றார். மருமகள் கொண்டுவந்த மைலோவைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதைத்தான் மூன்று நாளாக இங்கிலீஷில் எழுதுகிறேன். தாள் இத்துடன் இருக்கிறது. முதல் வரி உன்னிடமிருந்து எடுத்ததுதான்: தவறு என்னுடையது. ரேடியோவும் இருக்கிறது, கோலும் இருக்கிறது, நான் விழுங்கின பாதியும் இருக்கிறது. ஒரு பிரதி ரயில்வேக்கும் போகும். அவர்கள் என்ன செய்வார்களோ, செய்யட்டும். போகிற ஊரில் உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே என்பதைத் தவிர உனக்கு அறிவுரை சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. உன்னிடம் கேட்கத்தான் இருக்கிறது. என் இங்கிலீஷை நான் இனி நம்ப மாட்டேன். நீ கடைசி வரி வரைக்கும் படித்து, எதையாவது விட்டிருக்கிறேனா, எங்கேயாவது என்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு சொல் ஒளிந்திருக்கிறதா என்று பார். இருந்தால் சிவப்பு மையால் அடி.

பிறகு வந்து என்னிடம் சொல். திட்டு, அழு, இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல், எதுவானாலும் வாயால் சொல். அப்பாவின் மனசு நோகும் என்று நீ பேசாமல் பெட்டி கட்டினால், அதைப் பதில் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அடுப்படியில் இருக்கிறேன்.

அப்பா